32 பிட் சிப்பில் 64 பிட் கவுண்ட்டர்: ஆறு வழிகள், எது யாருக்கு?

32 பிட் கவுண்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று முதலில் கணக்குப் போட்டுவிடலாம். மில்லிசெகண்டுக்கு ஒன்று எண்ணினால் 49.7 நாள். மைக்ரோசெகண்டுக்கு ஒன்று என்றால் 71 நிமிடம் 35 செகண்ட். 1 ஜிகாபிட் ஈதர்நெட்டில் முழு வேகத்தில் வரும் பைட்டுகளை எண்ணினால் 34 செகண்டில் நிரம்பி மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். 168 மெகாஹெர்ட்ஸ் சிப்பின் சுழற்சிகளை எண்ணினால் 25 செகண்டு சொச்சம். இதன் விளைவு சில்லறை விஷயமல்ல. போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் உள்ளே ஒரு மென்பொருள் கவுண்ட்டர் நிரம்பி மின்சாரமே போகலாம் என்று அமெரிக்க விமானத் துறை 2015-இல் எச்சரிக்கை உத்தரவு போட்டது. செகண்டின் நூறில் ஒரு பங்கை எண்ணும் குறியுள்ள 32 பிட் எண் நிரம்பும் காலமும் அதே 248 நாள்தான்.

சரி, 64 பிட்டாக அறிவித்துவிடலாம் என்றால், 32 பிட் ப்ராசஸர் அதை இரண்டு 32 பிட் துண்டாக (வேர்ட்), இரண்டு லோடு (படிப்பு), இரண்டு ஸ்டோராகத்தான் (எழுத்து) கையாளும். நடுவே ஒரு சந்து இருக்கிறது. கவுண்ட்டர் 4294967295-இல் நிற்கிறது என்று வையுங்கள்: மேல் வேர்ட் 0, கீழ் வேர்டில் 32 பிட்டும் 1. படிப்பவர் கீழ் வேர்டை எடுத்துக்கொள்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்திவிட்டு இடையில் புகும் கோடு) வந்து ஒன்று கூட்டுகிறது. இப்போது மேலே 1, கீழே 0. திரும்பி வந்து மேல் வேர்டைப் படித்தால் கையில் இருப்பது 8589934591, உண்மையைப்போல் இரண்டு மடங்கு. மேல் வேர்டை முதலில் படித்திருந்தால் கிடைப்பது வெறும் 0. எழுதுவோர் இருவர் என்றால் இன்னும் மோசம்: வேர்ட் நிரம்பும் நேரம் வரை காத்திருக்கத் தேவையில்லை, எந்த எண்ணிலும் ஒரு கூட்டல் காணாமல் போகலாம்.

மாறியை அறிவிக்கும்போது வொலட்டைல் என்ற சொல்லைப் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. கம்பைலர் அந்த மாறியை ரெஜிஸ்டரிலேயே வைத்துக்கொள்வதை அது தடுக்கும். இரண்டு லோடுக்கு நடுவே இன்டரப்ட் புகுவதைத் தடுக்காது. ஆர்மின் சிறிய சிப் வகைகளான கார்டெக்ஸ்-எம்3, எம்4-இல் இரண்டு வேர்டையும் ஒரே கட்டளையில் எடுக்கும் எல்டிஆர்டி இருக்கிறதே என்பார்கள். அவற்றின் ஆர்ம்வி7-எம் விதிப்படி அது 64 பிட்டுக்கு அட்டாமிக் (நடுவே யாரும் புக முடியாத ஒரே செயல்) அல்ல. அதன் நடுவிலும் இன்டரப்ட் வரலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

கூட்டியபின் கிடைக்கும் எண் உங்களுக்கு வேண்டுமா? மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்வியே முடிவைத் தீர்மானிக்கிறது. எத்தனை பாக்கெட் வந்தது, எத்தனை பிழை நடந்தது என்பதெல்லாம் புள்ளிவிவரம். கூட்டினால் போதும், பிறகு எப்போதாவது யாராவது படிப்பார்கள். வரிசை எண், குறியாக்கத்துக்கான நான்ஸ் (ஒரே முறை பயன்படும் எண்) போன்றவை டோக்கன். ஒவ்வொரு கூட்டலும் ஒரு தனித்த எண்ணைத் திருப்பித் தர வேண்டும், அது ஒருபோதும் இரண்டாம் முறை வரக்கூடாது. ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற குறியாக்க முறையில் ஒரே சாவியோடு ஒரே நான்ஸ் இரண்டு முறை போனால் ரகசியமும் போகும், போலிச் செய்தியைத் தடுக்கும் காப்பும் போகும். புள்ளிவிவரத்துக்கு டோக்கன் அளவு காவல் போடுவதுதான் வேகம் வீணாகும் முதல் இடம்.

எழுதுவோர் யார் யார்? ஒரே இன்டரப்டா, ஒரு இன்டரப்டும் ஒரு த்ரெடுமா (சாதாரணமாக ஓடும் நிரல் ஓட்டம்), இரண்டு கோர்களா?

படிப்பவர் எங்கிருந்து படிக்கிறார்? எழுதிக்கொண்டிருப்பவரையே இடைமறித்த இன்டரப்டுக்குள்ளிருந்து படித்தால், கீழே வரும் வழிகளில் சில அப்படியே உறைந்துவிடும்.

இன்டரப்ட் எவ்வளவு தாமதம் பொறுக்கும்? சராசரியை விடுங்கள், மிக மோசமான நேரம்தான் இங்கே கணக்கு.

சிப் என்ன தருகிறது? கார்டெக்ஸ்-எம்0, எம்0+ இரண்டிலும் எல்டிரெக்ஸ்/எஸ்டிரெக்ஸ் (படித்தபின் வேறு யாரும் தொடாதிருந்தால் மட்டும் எழுதும் கட்டளைகள்) ஜோடியே கிடையாது. எம்3, எம்4, எம்7-இல் அது உண்டு, ஆனால் 32 பிட் வரைதான். ஆர்ம்வி7-ஏ வகையில் 64 பிட் ஜோடியும் உண்டு. எக்ஸ்86-இல் 8 பைட்டை ஒப்பிட்டு மாற்றும் கட்டளை 1993-இன் பென்டியத்தோடு வந்தது, 486-இல் இல்லை. ஆர்வி32-இன் (32 பிட் ரிஸ்க்-வி) வழக்கமான ‘ஏ’ நீட்டிப்பு 32 பிட்டுக்கு மேல் தராது. ஸகாஸ் நீட்டிப்பு இருந்தால் மட்டும் 64 பிட் ஒப்பிட்டு-மாற்று கிடைக்கும். எம்ஐபிஎஸ்32-க்கும் வழக்கமாக 32 பிட்தான். 8 பிட் ஏவிஆரில் 16 பிட் மாறியைப் படிப்பதே இரண்டு கட்டளை.

## வழி 1: இன்டரப்டை மூடிவிட்டு எண்ணுவது

ஒற்றைக் கோர் மைக்ரோகண்ட்ரோலரில் பெரும்பாலும் இதுவே சரியான விடை. கார்டெக்ஸ்-எம்4-இல் பிரைமாஸ்க்கை (இன்டரப்ட் மூடியிருக்கிறதா என்று சொல்லும் ரெஜிஸ்டர்) எடுத்துவைத்து, மூடி, இரண்டு வேர்டையும் படித்துக் கூட்டி எழுதி, பழைய பிரைமாஸ்க்கைத் திரும்ப வைப்பதற்குச் சுமார் 15 சுழற்சி. 168 மெகாஹெர்ட்ஸில் அது 0.1 மைக்ரோசெகண்டுக்கும் குறைவு. அதே சிப்பில் இன்டரப்டுக்குள் நுழைவதற்கே 12 சுழற்சி ஆகிறது என்பதை நினைவில் வையுங்கள். ‘இன்டரப்டை மூடுவது பாவம்’ என்று பயந்து சிக்கலான வேறு வழிக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தவறுகள் மூன்று இடத்தில் வருகின்றன.

முதலாவது, வேலை முடிந்ததும் இன்டரப்டை ‘திற’ என்று எழுதுவது. ஏற்கெனவே மூடியிருந்த பகுதிக்குள்ளிருந்து இந்த ஃபங்ஷனை யாராவது அழைத்திருந்தால், அவர்களுடைய காவலும் சேர்ந்து திறந்துவிடும். பழைய நிலையை மீட்பதே முறை. ஏவிஆரின் அட்டாமிக் பிளாக்கிலும் இதற்காகவே ‘பழைய நிலைக்குத் திருப்பு’, ‘கட்டாயமாகத் திற’ என்று இரண்டு வகை உண்டு, முதலாவதையே எடுங்கள்.

இரண்டாவது, கார்டெக்ஸ்-எம்-இல் சிறப்புரிமை இல்லாத த்ரெடில் இன்டரப்டை மூடும் கட்டளை எந்தப் பிழையும் காட்டாமல் சும்மா போய்விடும். நினைவகக் காப்போடு ஆர்டிஓஎஸ் (நிகழ்நேர இயங்குதளம்) ஓட்டுகிறவர்களுக்கு இது பொறி. கோடு பார்க்கச் சரியாக இருக்கும், காவல் மட்டும் இருக்காது.

மூன்றாவது, இரண்டு கோர் உள்ள சிப். ஒரு கோரின் இன்டரப்டை மூடினால் மற்றது நிற்காது.

ஏவிஆரில் செலவு கொஞ்சம் கூடுதல். 8 பைட்டை லோடு செய்ய 16, கூட்ட 8, ஸ்டோர் செய்ய 16 என்று குறைந்தது 40 சுழற்சி; 16 மெகாஹெர்ட்ஸில் 2.5 மைக்ரோசெகண்ட். ஒன்று மட்டுமே கூட்டுவதானால் முதல் பைட்டைக் கூட்டி, அது பூஜ்ஜியமாகாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். 256-இல் 255 முறை வேலை ஒரு பைட்டோடு முடியும். மிக மோசமான நேரம் இதனால் குறையாது, சராசரி மட்டும் குறையும்.

## வழி 2: லாக்

லினக்ஸ் கெர்னலில் 64 பிட் கட்டளை இல்லாத சிப்களுக்கென ஒரு பொது ஏற்பாடு 2009 முதல் இருக்கிறது. 16 ஸ்பின்லாக்குகள் (கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்), ஒவ்வொன்றும் தனி கேஷ் லைனில் (கேஷ் ஒரே தடவையில் கையாளும் நினைவகத் துண்டு). கவுண்ட்டரின் முகவரியைக் கலக்கி அதில் ஒரு லாக்கைத் தேர்ந்தெடுத்து, இன்டரப்டை மூடி, கூட்டி, விடுவிக்கும். ஜிசிசி கம்பைலரோடு வரும் லிப்அட்டாமிக் நூலகத்துக்கும் இதே யோசனைதான், ஆனால் பயனர் நிலையில் ஓடுவதால் அதனால் இன்டரப்டை மூட முடியாது.

மறைந்த செலவு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கவுண்ட்டர்கள் ஒரே லாக்கில் போய் விழுவது. அதைவிடப் பெரியது உறைவு. லாக்கை வைத்திருப்பவரை இடைமறித்தவர் அதே லாக்கைக் கேட்டால் இருவரும் நின்றுவிடுவார்கள். கெர்னல் இன்டரப்டை மூடுவதால் தப்பிக்கிறது, ஆனால் மூடவே முடியாத இன்டரப்டான என்எம்ஐ-க்குள்ளிருந்து அந்தக் கவுண்ட்டரைத் தொட்டால் அதற்கும் கதி அதே. லிப்அட்டாமிக்கைப் பொறுத்தவரை, சிக்னல் ஹேண்ட்லருக்குள்ளிருந்து தொட்டால் போதும்.

இயங்குதளம் இல்லாத கார்டெக்ஸ்-எம் திட்டத்தில் சி++ அட்டாமிக்கில் 64 பிட் எண்ணைப் போட்டால், கம்பைல் ஆகி, லிங்க்கர் ‘அட்டாமிக் ஃபெட்ச் ஆட் 8’ என்ற ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று நிற்கும். அந்தப் பிழை நல்லதுதான், கோட்டில் லாக் ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஒற்றைக் கோர் என்றால் வழி 1-ஐ வைத்து அந்த ஃபங்ஷனை நீங்களே எழுதிக் கொடுத்துவிடலாம். பெரிய இயங்குதளத்தில் லிப்அட்டாமிக்கோடு இணைத்துவிட்டால் இந்த எச்சரிக்கை வராது. சி++17-இன் ‘இஸ் ஆல்வேஸ் லாக் ஃப்ரீ’ மாறிலியை ஸ்டாட்டிக் அசெர்ட்டில் (கம்பைல் நேரச் சோதனை) வைத்துச் சோதியுங்கள். ரஸ்ட்டில் இந்தச் சிப்களுக்கு 64 பிட் அட்டாமிக் வகையே கிடையாது, கம்பைல் ஆகவே மறுக்கும். அந்தக் கண்டிப்பே எனக்குப் பிடித்தது.

ராஸ்பெர்ரி பை பிகோவின் ஆர்பி2040-இல் இரண்டு எம்0+ கோர், அட்டாமிக் கட்டளை எதுவும் இல்லை. அதற்காகவே 32 வன்பொருள் ஸ்பின்லாக்கைச் சிப்பில் வைத்திருக்கிறார்கள்: ரெஜிஸ்டரைப் படித்துப் பூஜ்ஜியம் அல்லாத எண் வந்தால் லாக் உங்களுடையது, எதை எழுதினாலும் விடுவிக்கும். முதலில் தன் கோரின் இன்டரப்டை மூட வேண்டும், பிறகுதான் லாக். வரிசை மாறினால் மேலே சொன்ன உறைவு உங்களுக்கும் வரும்.

## வழி 3: சிப்பே தரும் 64 பிட் கட்டளை

இருந்தால் இதை எடுங்கள். ஆர்ம்வி7-ஏ-வில் ஜோடி வேர்டைப் படித்து, கூட்டி, யாரும் தொடாதிருந்தால் எழுது, தொட்டிருந்தால் மறுபடி முயல் என்று நான்கைந்து கட்டளைச் சுற்று. எண் தனித்தது, இன்டரப்டுக்குள்ளும் வேலை செய்யும், கோர் எத்தனை இருந்தாலும் சரி.

கவனிக்க வேண்டியது சீரமைப்பு. கவுண்ட்டர் 8 பைட் எல்லையில் உட்கார வேண்டும். 32 பிட் எக்ஸ்86 லினக்ஸில் ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் 64 பிட் எண்ணுக்கு 4 பைட் சீரமைப்புதான் இயல்பு. அது இரண்டு கேஷ் லைனில் பிளந்து விழுந்தால் லாக் முன்னொட்டுள்ள கட்டளை பஸ்ஸையே பிடித்து நிறுத்தும். சீரமைப்பை வெளிப்படையாக எழுதுங்கள்.

அதே எக்ஸ்86 கட்டளையை வெறும் படிப்புக்குப் பயன்படுத்தினால் அது எழுதவும் செய்கிறது. மதிப்பு மாறாவிட்டாலும் எழுத்துச் சுழற்சி நடக்கும். எனவே படிப்பவர்கள் அதிகமானால் கேஷ் லைன் கோருக்குக் கோர் பறக்கும். படிக்க மட்டும் அனுமதியுள்ள பகிர்வு நினைவகத்தில் இப்படிப் படிக்கப் போனால் நேராக ஃபால்ட். பென்டியத்திலிருந்து சீரமைந்த 8 பைட் லோடு அட்டாமிக் என்பதால் மிதவைப் புள்ளி அல்லது எஸ்எஸ்இ ரெஜிஸ்டர் வழியாகப் படிப்பது மேல். ஆர்ம்வி7-ஏ-வில் எல்பிஏஇ (பெரிய நினைவக முகவரிக்கான நீட்டிப்பு) உள்ள சிப் என்றால் சாதாரண ஜோடி லோடே அட்டாமிக். இல்லாவிட்டால் 64 பிட் ஜோடிக் கட்டளையான எல்டிரெக்ஸ்டி வழியாகப் படியுங்கள்.

## வழி 4: எழுதுபவர் ஒருவரே

எழுதுவது ஒரே இடம்தான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் எழுதுபவருக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. சுமை படிப்பவர் தலையில்.

எழுதுவது இன்டரப்ட், படிப்பது அதே கோரின் த்ரெட் என்றால் மேல்–கீழ்–மேல் போதும். மேல் வேர்டைப் படி, கீழ் வேர்டைப் படி, மேல் வேர்டை மறுபடி படி. இரண்டும் ஒன்றானால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் திரும்பச் செய். த்ரெடின் பார்வையில் இன்டரப்ட் முழுசாக முடிந்தே திரும்புகிறது என்பதால் இது சரி.

இதையே இரண்டு கோருக்கு நடுவில் போட்டால் உடையும். எழுதுபவர் கீழே 0 எழுதிவிட்டார், மேலே இன்னும் ஏற்றவில்லை. அந்தக் கணத்தில் படிப்பவருக்கு 0, 0, 0 கிடைக்கும், ஒப்பீடும் பொருந்தும், எண் 400 கோடிக்கு மேல் குறைவாக இருக்கும். அங்கே வரிசைக் கவுண்ட்டர் வேண்டும்: எழுதத் தொடங்கும்போது ஒன்று கூட்டு, முடிந்ததும் ஒன்று கூட்டு, படிப்பவர் ஒற்றைப்படையைக் கண்டாலோ, முன்னும் பின்னும் எண் மாறினாலோ மறுபடி படிக்க வேண்டும். லினக்ஸில் நெட்வொர்க் புள்ளிவிவரங்கள் 32 பிட் மல்ட்டிகோரில் இப்படித்தான் படிக்கப்படுகின்றன. 64 பிட்டில் அதே கோடு ஒன்றும் இல்லாமல் கரைந்துவிடும். நினைவக வரிசையைக் காக்கும் தடுப்புக் கட்டளைகளை மறந்தால் ஆர்ம் சிப்பில் எழுதிய வரிசையும் தெரியும் வரிசையும் வேறாகிவிடும்.

இதன் பெரிய பொறி, எழுதுபவரையே இடைமறித்த இன்டரப்ட் படிக்க வந்தால் அது ஒற்றைப்படையைப் பார்த்து முடிவில்லாமல் சுற்றும். எழுதுபவர் தொடர வேண்டுமானால் இன்டரப்ட் முடிய வேண்டும், இன்டரப்ட் முடிய வேண்டுமானால் எழுதுபவர் தொடர வேண்டும்.

## வழி 5: கீழ் வேர்டை மட்டும் அட்டாமிக்காகக் கூட்டி, மேலே ஏற்றுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. 32 பிட் அட்டாமிக் கூட்டல் இருக்கிறது. கீழ் வேர்ட் நிரம்பிச் சுற்றினால், சுற்றவைத்தவர் மட்டும் மேல் வேர்டில் ஒன்று கூட்டட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் சுற்றவைப்பவர் ஒருவரே என்பதால் இறுதித் தொகை சரியாகவே இருக்கும். ஆனால் இரண்டு கூட்டலுக்கும் நடுவே படிப்பவருக்கு 2³² குறைவான எண் தெரியும். டோக்கனுக்கு இதைப் பயன்படுத்தினால் பழைய எண் மறுபடி வெளியே போகும். மேல்–கீழ்–மேல் படிப்பும் இதைக் காப்பாற்றாது.

சின்ன மாற்றம் ஒன்று இதை முழுசாகச் சரிசெய்கிறது. மேல் வேர்ட் முழுச் சுற்றை எண்ணாமல் அரைச் சுற்றை எண்ணட்டும். கீழ் வேர்டின் உச்சி பிட் ஒவ்வொரு முறை மாறும்போதும், அதாவது 2³¹ கூட்டலுக்கு ஒருமுறை, மேல் வேர்டில் ஒன்று ஏறும். அப்படியானால் மேல் வேர்ட் ஒற்றையா இரட்டையா என்பதும் கீழ் வேர்டின் உச்சி பிட்டும் எப்போதும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மேல் வேர்ட் ஒன்று பின்தங்கியிருக்கிறது என்று அர்த்தம். படிப்பவரே தன் கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்வார்.

எண்ணைக் கூட்டித் திருப்பித் தரும் படிகள்:

1. மேல் வேர்டை அக்வயர் வரிசையில் (பின்வரும் படிப்புகள் இதற்கு முன்னால் போகாதபடி) படி.
2. கீழ் வேர்டில் அட்டாமிக்காகக் கூட்டு; கூட்டுவதற்கு முந்தைய மதிப்பை வைத்துக்கொள்.
3. முந்தைய மதிப்பின் உச்சி பிட்டும் மேல் வேர்டின் கடைசி பிட்டும் வேறானால், கையிலிருக்கும் மேல் எண்ணில் ஒன்று கூட்டு.
4. அந்த மேல் எண்ணை 31 இடம் நகர்த்தி, முந்தைய மதிப்பின் கீழ் 31 பிட்டைச் சேர். இதுவே விடை.
5. இந்தக் கூட்டலால் உச்சி பிட் மாறியிருந்தால், நினைவகத்தில் உள்ள மேல் வேர்டில் ரிலீஸ் வரிசையில் (முந்தைய எழுத்துகள் இதற்குப் பின்னால் போகாதபடி) அட்டாமிக்காக ஒன்று கூட்டு.

எண்களை வைத்துப் பார்ப்போம். மேல் 1, கீழ் 4294967295. ஒருவர் ஒன்று கூட்டுகிறார். கீழ் 0 ஆகிறது. மேல் வேர்டை ஏற்றுமுன் அவரை இன்டரப்ட் பிடித்துக்கொள்கிறது. உள்ளிருந்து படிப்பவருக்கு மேல் 1, கீழ் 0. மேல் ஒற்றைப்படை, உச்சி பிட் 0, பொருந்தவில்லை. மேலை 2 என்று எடுக்கிறார்: 2 × 2147483648 = 4294967296. சரியான விடை, காத்திருக்காமல், எதையும் பூட்டாமல்.

படி 1, படி 2 வரிசையை மாற்றவே கூடாது. கீழை முதலில் எடுத்து மேலைப் பிறகு எடுத்தால், நடுவில் மேல் ஏறிவிடும். பொருந்தாததைப் பார்த்து நீங்கள் இன்னொன்று கூட்டிக்கொண்டு 2³² அதிகமாகச் சொல்வீர்கள்.

நிபந்தனைகள் இரண்டு. ஒரே தடவையில் கூட்டும் அளவு 2³¹-க்குக் குறைவாக இருக்க வேண்டும். மேல் வேர்டை ஏற்ற வேண்டியவர் தாமதிக்கும் நேரமும், படிப்பவர் படி 1-க்கும் 2-க்கும் நடுவே நிற்கும் நேரமும் சேர்ந்து 2³¹ கூட்டலைத் தாண்டக்கூடாது. செகண்டுக்கு 10 லட்சம் கூட்டல் என்றால் அந்த அவகாசம் 35 நிமிடத்துக்கு மேல், கவலையில்லை. செகண்டுக்கு 10 கோடி என்றால் 21 செகண்ட். தாழ்ந்த முன்னுரிமை த்ரெட் ஒன்று சரியாக அந்த இடத்தில் பட்டினி கிடந்தால் ஆபத்து உண்டு. கிடைப்பது 63 பிட். நானோசெகண்டை எண்ணினாலும் 292 ஆண்டு போகும்.

எம்3 முதல் மேலே, ஆர்வி32, 486, எம்ஐபிஎஸ்32 எல்லாவற்றிலும் இது ஓடும். எம்0-இல் 32 பிட் அட்டாமிக்கே இல்லாததால் இதற்குப் பொருளில்லை. அங்கே வழி 1-க்குப் போங்கள்.

## வழி 6: பிரித்து எண்ணி, படிக்கும்போது சேர்ப்பது

கோருக்கு ஒன்று, இன்டரப்டுக்கு ஒன்று என்று தனித்தனி 32 பிட் கவுண்ட்டர். எழுதும் இடத்தில் சாதாரணக் கூட்டல். 64 பிட் தொகை படிப்பவரிடம் மட்டும் இருக்கும்: சென்ற முறை பார்த்த மதிப்பை வைத்துக்கொண்டு, இப்போதைய மதிப்பிலிருந்து அதைக் குறியற்ற 32 பிட் கழித்தலாகக் கழித்து, வித்தியாசத்தைத் தொகையில் சேர்க்க வேண்டும். நடுவில் ஒருமுறை சுற்றியிருந்தாலும் கழித்தல் சரியாகவே வரும்.

புள்ளிவிவரத்துக்கு இதை மிஞ்சிய வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. சுற்றும் காலத்துக்குள் ஒருமுறையாவது அறுவடை செய்தாக வேண்டும், அவ்வளவுதான். ஜிகாபிட் பைட் கவுண்ட்டர் 34 செகண்டில் சுற்றுகிறது என்றால் 10 செகண்டுக்கு ஒருமுறை எடுங்கள். ஈதர்நெட் சிப்பே வைத்திருக்கும் 32 பிட் கவுண்ட்டர்களுக்கும் இதே முறைதான். நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி-யில் 20 மெகாபிட்டுக்கு மேல் வேகமான இணைப்புகளுக்கு 64 பிட் பைட் கவுண்ட்டர் கட்டாயம் என்பது ஆர்எஃப்சி 2863-இன் விதி. கீழே வன்பொருள் 32 பிட் என்றாலும் இந்த அறுவடையால் அதை நிறைவேற்றலாம்.

படித்துவிட்டுப் பூஜ்ஜியமாக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். படித்ததற்கும் பூஜ்ஜியமாக்கியதற்கும் நடுவே வந்த எண்ணிக்கை தொலைந்துபோகும். கழித்தலில் எதுவும் தொலையாது.

செலவு என்றால் நினைவகம், பிறகு ஒரே கணத்துக்கான படம் கிடைக்காமை. நான்காவது கோரைப் படிக்கும்போது முதல் கோர் நகர்ந்திருக்கும். இரண்டு பேர் அறுவடை செய்தால் தொகைக்கு ஒரு மியூட்டெக்ஸ் (த்ரெடுகளுக்கான லாக்) வேண்டும், த்ரெட் அளவில் அது மலிவு. லினக்ஸின் பெர்சிபியு கவுண்ட்டர் இன்னொரு சமரசம்: ஒவ்வொரு கோரும் குறைந்தது 32 சேரும்வரை தன்னிடம் வைத்திருந்து பிறகே பொதுத் தொகையில் கொட்டும். நான்கு கோரில் விரைவுப் படிப்பு 128 வரை பிசகலாம். டோக்கனுக்கும் இந்த யோசனையின் ஒரு வடிவம் உண்டு: லாக் போட்டு 1024 எண்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு உள்ளூரில் வினியோகிப்பது. எண்கள் தனித்தவை, ஆனால் கோர்களுக்கிடையே கால வரிசையில் வராது.

## எண்ணுவது வன்பொருளே என்றால்

ஆர்வி32-இல் சுழற்சிக் கவுண்ட்டரை மேல்–கீழ்–மேல் சுற்றில் படிக்கும்படி விவரக்குறிப்பே மாதிரி தருகிறது. ஆர்பி2040-இன் 64 பிட் டைமரில் கீழ் ரெஜிஸ்டரைப் படித்தால் மேல் மதிப்பு பிடித்துவைக்கப்படும். வசதிதான், ஆனால் நடுவே இன்னொரு கோரோ இன்டரப்டோ அதையே படித்தால் பிடித்த மதிப்பு மாறிவிடும். பிடித்துவைக்காத கச்சா ரெஜிஸ்டர்கள் தனியாக உண்டு. அவற்றை மேல்–கீழ்–மேல் முறையில் படியுங்கள்.

16 பிட் டைமரை மென்பொருளால் நீட்டும்போது, டைமர் சுற்றிவிட்டது, ஆனால் அதன் இன்டரப்ட் இன்னும் ஓடவில்லை என்ற நிலை வரும். உயர்ந்த முன்னுரிமை இன்டரப்டுக்குள்ளிருந்து படித்தால் இது அடிக்கடி நடக்கும். ஆர்டுயினோவின் மைக்ரோஸ் ஃபங்ஷன் நிலுவைக் கொடியைப் பார்த்துத் தானே ஒன்று கூட்டிக்கொள்வது இதனால்தான். வழி 5-இன் அரைச் சுற்று முறையை இங்கும் போடலாம்: சுற்றும்போது ஒன்று, பாதியில் ஒன்று என இரண்டு இன்டரப்ட்.

## பக்கத்தில் பக்கத்தில்

| வழி | எழுதுவோர் | தனித்த எண் தருமா | இடைமறித்த இன்டரப்டுக்குள் படிக்கலாமா | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| 1. இன்டரப்ட் மூடல் | ஒரே கோரில் எத்தனையும் | தரும் | ஆம் | சிறப்புரிமை இல்லாத த்ரெடில் சத்தமின்றித் தோற்கும் |
| 2. லாக் | எத்தனையும் | தரும் | இன்டரப்டும் மூடினால் மட்டும் | உறைவு, லாக் மோதல் |
| 3. 64 பிட் கட்டளை | எத்தனையும் | தரும் | ஆம் | சீரமைப்பு. எக்ஸ்86-இல் படிப்பும் எழுத்தாவது |
| 4. ஒரே எழுதுபவர் | ஒருவர் | அவருக்கு மட்டும் | வரிசைக் கவுண்ட்டரில் கூடாது | படிப்பவர் மறுமுயற்சி |
| 5. அரைச் சுற்று | எத்தனையும் | தரும், 63 பிட் | ஆம் | 2³¹ கூட்டல் அவகாச நிபந்தனை |
| 6. பிரித்து எண்ணல் | ஒவ்வொன்றுக்கும் ஒருவர் | தராது | 32 பிட் துண்டை மட்டும் | அறுவடை தவறக்கூடாது |

என் வரிசை இப்படி: புள்ளிவிவரம் என்றால் 6. டோக்கன் என்றால், சிப்பில் 64 பிட் கட்டளை இருந்தால் 3. இல்லாத ஒற்றைக் கோரில் 1. இல்லாத பல கோரில், அல்லது இன்டரப்டை ஒரு சுழற்சிகூட மூட முடியாத மோட்டார் கட்டுப்பாடு போன்ற வேலையில், 5. அட்டாமிக் கட்டளையே இல்லாத இரண்டு கோர் சிப்புக்கு மட்டும் 2. வழி 4-ஐ ‘எழுதுபவர் ஒருவரே’ என்பதைக் கோட்டில் அசெர்ட் போட்டுக் காக்க முடிந்தால் எடுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் இரண்டாவது எழுதுபவரைச் சேர்ப்பது மிக எளிது, கம்பைலர் ஒன்றும் சொல்லாது.

## சோதிப்பது

எந்த வழி எடுத்தாலும் கவுண்ட்டரைப் பூஜ்ஜியத்தில் தொடங்கிச் சோதித்தால் தவறு கண்ணில் படாது. லினக்ஸ் கெர்னல் தன் ஜிஃபீஸ் (நேரத் துடிப்பு) கவுண்ட்டரை நிரம்புவதற்கு 300 செகண்ட் முன்னால் தொடங்குகிறது. பூட் ஆகி ஐந்தாவது நிமிடத்தில் ஒவ்வொரு கணினியிலும் 32 பிட் சுற்று நடந்துவிடும். உங்கள் டீபக் பில்டிலும் கீழ் வேர்டை 2³² − 1000-இல் தொடங்குங்கள். வழி 5-க்கு இன்னொரு முறை 2³¹ − 1000-இலிருந்தும் ஓட்டுங்கள்; முதல் சோதனையில் மேல் வேர்டின் தொடக்கம் 1, இரண்டாவதில் 0. மேல் வேர்டை ஏற்றும் வரிக்குச் சற்று முன் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்தி, வேறொரு கோரிலிருந்தோ உயர்ந்த முன்னுரிமை இன்டரப்டிலிருந்தோ படியுங்கள். ஒற்றைக் கோரில் டீபக்கர் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிடும் என்பதால், அந்த வரிக்கு முன்னால் மென்பொருளாலேயே இன்டரப்டை நிலுவையில் போடுவது நம்பகமானது: கார்டெக்ஸ்-எம்-இன் இன்டரப்ட் கட்டுப்பாட்டகமான என்விஐசி-யின் நிலுவை ரெஜிஸ்டரில் அந்த பிட்டை எழுதி, தடுப்புக் கட்டளை ஒன்று போட்டால், அடுத்த கட்டளைக்கு முன் இன்டரப்ட் ஓடிவிடும்.